நமது நிருபர் எழுதியதுதானா? எழுத்துத் திருட்டில் சிக்காமல் செய்தி எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

நான் நிருபராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் சென்னை மண்ணடிப் பக்கம் ஒரு கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. நான் போகவில்லை. மறுநாள் காலை ஓர் ஆங்கில நாளிதழில் வந்த செய்தியை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, பத்திகளை இடம் மாற்றி, இரண்டு அடைமொழிகளைச் சேர்த்துத் தமிழில் எழுதி, மேலே ‘நமது நிருபர்’ என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். நான்கைந்து நாள் கழித்து ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. தீப்பிடித்தது தம்பு செட்டித் தெருவில். இரண்டு பத்திரிகைகளிலும் லிங்கிச் செட்டித் தெரு என்று இருக்கிறது. இரண்டு நிருபர்களும் ஒரே வண்டியில் வந்து ஒன்றாக வழி தவறினார்களா என்று அங்கே கடை வைத்திருந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆசிரியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு டெஸ்க்கில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் வேலைக்கு வந்தேன். அங்கே நான் பார்த்தவர்களில், திருட வேண்டும் என்றே உட்கார்ந்து எழுதியவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் மாட்டிக்கொண்டதெல்லாம் எழுதுவதற்குப் பல மணி நேரம் முன்பே, குறிப்பெடுக்கும்போது நடந்த குளறுபடியால்தான். அதனால் இந்த வழிகாட்டியில் நோட்டுப் புத்தகத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எது பொது, எது பிறருடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இதை எந்தப் பத்திரிகையும் சொந்தம் கொண்டாட முடியாது. கருத்து, கரு, வரலாற்று உண்மை ஆகியவற்றுக்குக் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, அவற்றைச் சொல்லும் வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆனால் சட்டம் நிற்கும் இடத்தைத் தாண்டியும் தொழில் தர்மம் போகும். வேறொரு பத்திரிகையின் நிருபர் ஆறு மாதம் தகவல் உரிமை மனு போட்டு, மேல்முறையீடு செய்து, மாநகராட்சியிடமிருந்து ஓர் எண்ணை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அந்த எண்ணும் வெறும் தகவல்தான். அதை அவர் பெயர் சொல்லாமல் நீங்கள் எடுத்துப் போட்டால் நீதிமன்றம் உங்களைத் தேடி வராது. திருட்டு மட்டும் திருட்டாகவே இருக்கும். பத்திரிகைகளின் நடத்தையைக் கவனிக்கும் இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நடத்தை நெறிகள், பிறருடைய எழுத்தை மட்டுமல்லாமல் கருத்தையும் ஆதாரம் சொல்லாமல் தன்னுடையதாகக் காட்டுவதைத் தொழில் தர்மத்துக்கு எதிரான குற்றம் என்கின்றன. மற்றொரு பத்திரிகையில் வந்த செய்தியை எடுத்தாண்டால் அதன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று தனியாகவும் ஒரு நெறி இருக்கிறது.

காப்புரிமை மீறலும் எழுத்துத் திருட்டும் ஒன்றல்ல. பாரதியின் எழுத்துகள் 1949இல் அரசுடைமையாயின. அவற்றை யார் அனுமதியும் இல்லாமல் அச்சிடலாம். அவருடைய கட்டுரை ஒன்றின்மேல் உங்கள் பெயரைப் போட்டால் காசு கேட்டு யாரும் வரமாட்டார்கள். அது அப்பட்டமான எழுத்துத் திருட்டு, அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. வேறொருவரின் கட்டுரையை முழுவதுமாக எடுத்துப் போட்டு அடியில் ‘நன்றி’ சேர்ப்பவர் எழுத்துத் திருடர் அல்லர். ஆனால் அனுமதி வாங்கவில்லை என்றால் 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் அவரைப் பிடிக்கலாம். நடப்புச் செய்தியைச் சொல்லவும் விமர்சிக்கவும் நியாயமான அளவுக்கு எடுத்தாளலாம் என்று அச்சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. முழுக் கட்டுரையும் ‘நியாயமான அளவு’ என்று வாதிட நல்ல வழக்கறிஞர் தேவைப்படும்.

இரண்டாம் படி: நோட்டைச் சுத்தமாக வையுங்கள்

2012 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஃபரீத் ஜகாரியா டைம் இதழில் எழுதிய பத்தி ஒன்று, நியூயார்க்கர் இதழில் வரலாற்றாசிரியர் ஜில் லெபோர் எழுதிய பத்தியை ஏறக்குறைய ஒத்திருந்தது. டைமும், ஜகாரியா நிகழ்ச்சி நடத்திவந்த சி.என்.என். தொலைக்காட்சியும் அவரை இடைநீக்கம் செய்தன. அவர் மன்னிப்புக் கேட்டார். பல இடங்களிலிருந்து எடுத்த குறிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்பது அவர் தந்த விளக்கம். ஒரு வாரத்துக்குள் இரண்டு நிறுவனங்களும் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டன. உலகம் அறிந்த பத்திரிகையாளருக்கே அந்தக் கதி என்றால், வாட்ஸ்ஆப் குழுக்கள் நாற்பதிலிருந்து ஒட்டியெடுத்துக் குறிப்பு சேர்க்கும் நம் பிள்ளைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

நான் கையாளும் முறை பழையது, இன்னும் பழுதாகவில்லை. ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் ஓர் எழுத்து போடுவேன். ‘பா’ என்றால் நான் கண்ணால் பார்த்தது. ‘கே’ என்றால் ஒருவர் சொல்லக் கேட்டது. பக்கத்திலேயே யார், எந்த இடம், எத்தனை மணி. ‘ப’ என்றால் படித்தது. எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி, எந்தப் பக்கம். ‘எ’ என்றால் என் எண்ணம். எந்த எழுத்தும் போடாத குறிப்பு செய்திக்குள் போகாது. அது எவ்வளவு அருமையான வரியாக இருந்தாலும் போகாது. சொல்லப்போனால், அருமையான வரியாக இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுவேன். இரவு பத்து மணிக்குப் பழைய நோட்டில் பளிச்சென்று ஒரு வரி கண்ணில் பட்டால், அது நான் எழுதியதாக இருக்க வாய்ப்புக் குறைவு.

படித்ததிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுக்கும்போது அந்த நொடியிலேயே மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். ‘பிறகு போட்டுக்கொள்ளலாம்’ என்ற பிறகு வருவதே இல்லை.

கைபேசியிலும் கணினியிலும் இந்த ஒழுங்கு இன்னும் அவசியம். எழுதும் கோப்பு வேறு, சேர்க்கும் கோப்பு வேறாக இருக்கட்டும். பிறருடைய வரியை எழுதும் கோப்பில் ஒருபோதும் ஒட்டாதீர்கள். சேர்க்கும் கோப்பில் முதலில் இணைப்பை ஒட்டி, அதற்கடியில் வரியை ஒட்டுங்கள். தலைகீழாகச் செய்தால், பேருந்தில் வரும்போது யாராவது அழைத்து, இணைப்பு ஒட்டாமலே போய்விடும். வாட்ஸ்ஆப்பில் வந்ததென்றால் அனுப்பியவரின் பெயரைக் குறித்தால் போதாது. அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பாதி நேரம் ‘தெரியாது, வந்தது, அனுப்பினேன்’ என்பார். அப்படியானால் அந்த வரி உங்களுக்கு உதவாது.

மூன்றாம் படி: படியுங்கள், மூடுங்கள், எழுதுங்கள்

மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் களத்துக்குப் போவது வீரமன்று. எல்லாவற்றையும் படியுங்கள். எழுத உட்காரும்போது மட்டும் அந்த ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டு, நோட்டை மட்டும் பார்த்து எழுதுங்கள். எண்களையும் பெயர்களையும் கடைசியில் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

திறந்து வைத்துக்கொண்டே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நானே செய்துகாட்டும் ஓர் உதாரணம். போட்டிப் பத்திரிகையில் இப்படி ஒரு வரி: ‘வேளச்சேரியில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றவர்கள் வானத்தைப் பார்க்கவில்லை, மின்மாற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.’ நம் நிருபர் எழுதுகிறார்: ‘முழங்காலளவு வெள்ளத்தில் நின்ற வேளச்சேரிவாசிகளின் கண்கள் வானத்தை விட்டு மின்மாற்றியின் மீதே பதிந்திருந்தன.’ ஒரு சொல்கூட அப்படியே இல்லை என்று அவர் வாதிடுவார். சொல்லை யார் கேட்டார்கள்? வானம், மின்மாற்றி என்ற அந்தப் பார்வை இன்னொருவர் தண்ணீரில் நின்று பெற்றது. நேர்மையாக எழுத வேண்டுமென்றால், வேளச்சேரியில் நீர் தேங்கியதையும் மின்சாரம் இல்லாததையும் நீங்களே விசாரித்து உறுதிசெய்து வெறும் தகவலாகக் கொடுங்கள். அல்லது அந்தப் பத்திரிகையின் பெயரைச் சொல்லி அந்த வரியை மேற்கோளாகப் போடுங்கள். மூன்றாவது வழி வேளச்சேரிக்குப் பஸ் ஏறுவது.

நான்காம் படி: பிரஸ் நோட், ஏஜென்சி, சேப்பாக்கத்துப் பங்கு

செய்தி மக்கள் தொடர்புத் துறையின் குறிப்பையோ காவல் ஆணையர் அலுவலகத்தின் குறிப்பையோ அப்படியே அச்சிடுவதில் தவறில்லை, அதற்காகத்தான் தருகிறார்கள். ‘செய்திக்குறிப்பில் கூறப்பட்டிருப்பதாவது’ என்று தொடங்குங்கள், உங்கள் பெயரைப் போடாதீர்கள். தனியார் மருத்துவமனையின் விளம்பரக் குறிப்பு ‘நமது சிறப்பு நிருபர்’ பெயரில் வருவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சிறப்பு என்ன என்று யோசிப்பேன்.

பல பத்திரிகைகளுக்கும் செய்தி தரும் ஏஜென்சிகளின் விஷயம் எளிது. பி.டி.ஐ. நிறுவனம் 1947 ஆகஸ்டில் இதே மதராஸில்தான் பதிவு செய்யப்பட்டது. 1949 பிப்ரவரி 1 முதல் செய்தி தர ஆரம்பித்தது. சந்தா கட்டுவதால் அச்சிடும் உரிமை கிடைக்கிறது. எழுதியவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கிடைப்பதில்லை. ஏஜென்சி செய்தியோடு நீங்கள் இரண்டு பேரிடம் பேசிச் சேர்த்திருந்தால், இரண்டு பெயரும் வரட்டும்.

பங்கு வைத்துக்கொள்வதுதான் சிக்கல். ஒரே நேரத்தில் தலைமைச் செயலகத்தில் ஒன்று, உயர் நீதிமன்றத்தில் ஒன்று, அரசு பொது மருத்துவமனையில் ஒன்று என்றால், நண்பர்கள் ஆளுக்கொரு இடம் போய்ப் பிறகு சேப்பாக்கத்தில் தேநீரோடு குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வது இந்த ஊரில் நெடுநாள் வழக்கம். இதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஒருவருக்கொருவர் சம்மதித்துத் தருவது திருட்டாகாது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். குறிப்பை வாங்குங்கள்; எழுதி முடித்த காப்பியை, அதாவது அச்சுக்குப் போகும் செய்தி வடிவத்தை, வாங்காதீர்கள். மறுநாள் மூன்று பத்திரிகைகளில் ஒரே முதல் வரி வந்தால் மூவருக்கும் அவமானம். அடுத்தது, நீங்கள் இல்லாத இடத்தில் பேசியவர் ‘நமது நிருபரிடம் கூறினார்’ என்று எழுதாதீர்கள். ‘செய்தியாளர்களிடம் கூறினார்’ என்பதே உண்மை.

ஐந்தாம் படி: மொழிபெயர்ப்பில் கவனம்

தமிழ்ப் பத்திரிகைகளில் எழுத்துத் திருட்டு பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. மொழி மாறிவிட்டதால் யாருக்கும் தெரியாது என்ற தைரியம் ஒரு காரணம். கஷ்டப்பட்டு மொழிபெயர்த்தேனே, அது என் உழைப்பில்லையா என்ற நியாயம் இன்னொன்று. உழைப்புதான். பாரதி 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து செய்த வேலையில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பதுதான். கௌரவமான வேலை அது. ஆனால் அதற்குப் பெயர் மொழிபெயர்ப்பு. தொல்காப்பியம் வழிநூலை, அதாவது முதல் நூல் ஒன்றைத் தழுவி எழுதுவதை, வகைப்படுத்தும்போது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்று நான்கு சொல்கிறது. சுருக்கி எழுதினாலும் நீட்டி எழுதினாலும் மொழி மாற்றி எழுதினாலும் அது வழிநூல். முதல் நூல் ஆகாது. நம் டெஸ்க்குகளில் நடக்கும் நான்கு வேலைகளையும் அவ்வளவு காலத்துக்கு முன்பே பட்டியல் போட்டுவிட்டார்கள்.

மேற்கோளில்தான் ஆபத்து அதிகம். காசிமேட்டில் ஒரு மீனவர், ‘வலை கிழிந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது’ என்று தமிழில் சொல்கிறார். ஆங்கில நிருபர் அதை ஆங்கிலமாக்குகிறார். தமிழ் நிருபர் அதைத் திரும்பத் தமிழாக்கி, ‘வலை சேதமடைவது எங்களது அன்றாட வாழ்வாதாரத்தைப் பாதிக்கிறது’ என்று மேற்கோள் குறிக்குள் போடுகிறார். இப்போது திருட்டோடு பொய்யும் சேர்ந்துவிட்டது. அந்த மனிதர் வாயில் அப்படியொரு வாக்கியம் வந்திருக்க முடியாது என்பது காசிமேட்டில் மீன் வாங்கிய எவருக்கும் தெரியும். தமிழர் ஒருவர் பேசியதை ஆங்கிலத்திலிருந்து எடுக்க நேர்ந்தால் மேற்கோள் குறியைத் தொடாதீர்கள். ‘இன்ன நாளிதழிடம் அவர் கூறியதன் சாரம்’ என்று எழுதுங்கள். காசிமேடு தூரமில்லை, முடிந்தால் போய் அவரிடமே கேளுங்கள்.

ஆறாம் படி: ஆதாரத்தை வாக்கியத்துக்குள்ளேயே சொல்லுங்கள்

தமிழில் ஆதாரத்தை ஒளித்துவைக்க இலக்கணமே வசதி செய்து தருகிறது. ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘சொல்லப்படுகிறது’. யார் கூறினார்? யாருக்குத் தெரிகிறது? இந்தச் சொற்கள் காப்பியில் வந்தால் பேனாவால் வட்டம் போடுவேன். ஆளைச் சொல்ல முடிந்தால் சொல்ல வேண்டும். முடியாதென்றால் ஏன் என்று எனக்காவது சொல்ல வேண்டும்.

அடுத்த நோய், போட்டியாளர் பெயரைச் சொல்லக் கூசுவது. ‘தனியார் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில்’, ‘ஆங்கில நாளிதழ் ஒன்றில் வெளியான செய்தி’. எந்தத் தொலைக்காட்சி, எந்த நாளிதழ் என்று வாசகர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா? பெயரைச் சொன்னால் அவர்களுக்கு விளம்பரம் ஆகிவிடுமாம். மூலத்தைச் சரிபார்க்க வாசகருக்கு உள்ள உரிமையைவிட அந்த விளம்பரக் கவலை பெரிதாகிவிட்டது. இது நிருபரின் தவறில்லை, பெரும்பாலும் நிர்வாகத்தின் விதி. அப்படிப்பட்ட விதி உங்கள் அலுவலகத்தில் இருந்தால், காப்பியில் பெயரோடு எழுதிக் கொடுங்கள். வெட்டுவது டெஸ்க்கின் பொறுப்பாகட்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, போட்டி இணையதளத்தில் படித்ததை ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்று எழுதுவது. பெயர் சொன்னால் வேலை போகும் என்று அஞ்சும் ஓர் அரசு ஊழியரைக் காப்பாற்றத்தான் ‘வட்டாரம்’ என்ற சொல் இருக்கிறது.

எழுதும் விதம் இவ்வளவுதான்: ‘ஏரியின் நீர்வரத்து குறித்த நீர்வளத் துறை ஆவணங்களை இன்ன நாளிதழ் கடந்த திங்கள்கிழமை வெளியிட்டது. அவற்றை உறுதிசெய்த அதிகாரி ஒருவர் நம்மிடம் கூறியதாவது...’ யார் கண்டுபிடித்தார், நாம் என்ன சேர்த்தோம் என்ற இரண்டும் இரண்டு வாக்கியத்தில் தெளிவாகிவிட்டன.

ஏழாம் படி: படங்கள், பழைய கட்டுரைகள்

‘நன்றி: கூகுள்’, ‘நன்றி: இணையம்’ என்பவை நன்றி ஆகா. கூகுள் படம் எடுப்பதில்லை. எடுத்தவர் யாரென்று தெரியாத படத்தைப் போடாதீர்கள். விக்கிமீடியா பொதுவகத்தில் உள்ள படங்களுக்கும் உரிமக் குறிப்பு உண்டு. எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் சேர்த்தே போட வேண்டியவை மிகுதி.

ஆகஸ்ட் 22 வந்தால் சென்னை தினக் கட்டுரைகள் குவியும். 1639, வெங்கடப்ப நாயக்கர், பிரான்சிஸ் டே என்று அதே வரிசை, அதே அடைமொழிகள். நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் தந்த ஒப்பந்தத்தின் தேதி ஆகஸ்ட் 22தானா ஜூலை 22தானா என்று ஒரு விவாதம் இருக்கிறது. பத்துக் கட்டுரைகளைப் பார்த்து எழுதியவருக்கு இது தெரியாது. ஆவணத்தைத் தேடியவருக்குத் தெரியும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு மதியம் போதும். உங்கள் சொந்தக் கட்டுரையையே மறு ஆண்டு தேதி மாற்றிக் கொடுப்பதாக இருந்தால், ஆசிரியரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் புதிய கட்டுரைக்கு உண்டான இடத்தை ஒதுக்கியிருக்கிறார்.

எட்டாம் படி: இயந்திரங்களை அளவோடு நம்புங்கள்

பிறர் செய்தியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்து ‘மாற்றி எழுது’ என்றால் நொடியில் வரும். நான் மண்ணடித் தீயில் செய்த அதே வேலைதான். கை வலிக்காமல் நடக்கிறது. தெருப் பெயர் பிழையும் பத்திரமாக அப்படியே வரும். யாரும் சொல்லாத மேற்கோளைக் கூடுதலாகச் சேர்த்தும் தரக்கூடும்.

திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் தமிழில் நம்பத்தக்கதாக இல்லை. ‘தீப்பிடித்தது’ என்று ஒருவர் எழுத, ‘தீ பிடித்தது’ என்று மற்றவர் எழுதினால் போதும், தடுமாறும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை அது படிக்காது. மொழிபெயர்த்து எடுத்ததைப் பிடிப்பது மிகக் கடினம். டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: காப்பியில் நிருபரின் வழக்கமான நடைக்குப் பொருந்தாத ஒரு சொற்றொடரை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். பிறகு அதன் ஆங்கில வடிவத்தை ஊகித்து அதையும் தேடுங்கள். அதற்கும் மேலே ஒரு சோதனை, நிருபரைக் கூப்பிட்டுக் கேட்பது. ‘அவர் எங்கே உட்கார்ந்து பேசினார்? பக்கத்தில் யார் இருந்தார்கள்?’ போனவர் பத்து நிமிடம் பேசுவார்.

அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் நிருபர் ஜேசன் பிளேரிடம் கேட்கத் தவறியது இந்தக் கேள்வியைத்தான். டெக்சாஸில் ஒரு ராணுவ வீரரின் தாய் வீட்டுக்குப் போனதாக அவர் எழுதிய செய்தி, சான் அன்டோனியோ நாளிதழில் மக்கரேனா எர்னாண்டஸ் எழுதியதிலிருந்து எடுக்கப்பட்டது. பிளேர் டெக்சாஸுக்கே போகவில்லை. 2003 மே 1ஆம் தேதி பதவி விலகினார். மே 11ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் தன் முதல் பக்கத்திலேயே விசாரணை முடிவை வெளியிட்டது; அவருடைய கடைசி 73 செய்திகளில் 36இல் கோளாறு. அடுத்த மாதம் தலைமை ஆசிரியரும் விலக நேர்ந்தது.

ஒன்பதாம் படி: தவறிவிட்டால்

கண்டுபிடிக்கப்படும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆசிரியரிடம் போய், எந்த வரி, எங்கிருந்து வந்தது, எப்படி நுழைந்தது என்று மூன்றையும் சொல்லுங்கள். இணையப் பதிப்பில் சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போவது கூடாது. திருத்தப்பட்டது என்ற குறிப்பும் எடுத்தாளப்பட்டவரின் பெயரும் அடியில் இருக்க வேண்டும். சென்னையில் தி இந்து 2006 முதல், வாசகர்கள் சுட்டும் பிழைகளை விசாரிக்க வாசகர் ஆசிரியர் என்றொரு பொறுப்பை வைத்து, பிழைகளை அச்சில் ஒப்புக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தியது. உங்கள் பத்திரிகையில் அப்படி ஒருவர் இல்லையென்றாலும் திருத்தம் போட அரை அங்குல இடம் எல்லாப் பத்திரிகையிலும் இருக்கும்.

பத்தாம் படி: உங்கள் செய்தி திருடுபோனால்

முதலில் இரண்டு வடிவங்களையும் தேதி, நேரத்தோடு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவையுங்கள். நாளை அந்தப் பக்கம் இருக்காது. நீங்கள் முதலில் எழுதியதற்குச் சான்றாக நோட்டு, ஒலிப்பதிவு, டெஸ்க்குக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பிறகு உங்கள் ஆசிரியர் வழியாக அந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதுங்கள். சமூக ஊடகத்தில் கொதித்தெழுவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. நாளைக்கு நீங்கள் அங்கேயே வேலைக்குப் போக நேரலாம், நம் தொழில் அவ்வளவு சின்னது.

பதில் வராவிட்டால் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் செய்யலாம். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளிதழ், வார இதழ், செய்தி நிறுவனம் ஆகியவற்றை அது எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. தொலைக்காட்சி அதன் வரம்புக்குள் வராது. ஆசிரியருக்கு முதலில் எழுதிய கடிதத்தின் நகலை இணைக்க வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். அதனால் எதிர்த்தரப்பின் பதிலுக்காகப் பதினைந்து நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.